சாந்தமாகப் போனவர்கள்

இருநூற்றுப் பதினோரு நாட்கள் தொடர்ந்து எங்கள் வங்கியின் மேற்கு மண்டலத்தில் மனிதர்களை அமைதிப்படுத்துவதில் நான்தான் முதலிடம். பெருமைக்காகச் சொல்லவில்லை. என் மேல் குற்றப் பத்திரிகை எழுதினால் அதன் முதல் வரி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உடுமலைப்பேட்டைக் கிளைக்குள் நுழையும் இடத்தில் ஒரு வெள்ளை வளைவு உண்டு. வெளியேறும் இடத்தில் இன்னொன்று. உள்ளே வருகிறவரின் மூச்சு, இதயத்துடிப்பு, உடல் சூடு, நடையின் வேகம் எல்லாவற்றையும் தொடாமலே அளந்து, நூற்றுக்கு இத்தனை கோபம் என்று எண்ணாக்கிவிடும். போகும்போது மறுபடி அளக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கவுன்டரில் இருப்பவரின் மதிப்பெண். முகத்தைப் பதியக் கூடாது என்று நீதிமன்றத் தடை இருந்ததால் அதற்கு ஆளைத் தெரியாது, ஆள் கையில் இருக்கும் டோக்கனைத்தான் தெரியும். இந்த ஏற்பாட்டுக்குத் தலைமையகம் வைத்த பெயர் சுமுகம்.

என் தலைக்கு ஒரு சாண் உயரத்தில் ஒரு விளக்கு. எதிரில் நிற்பவர் மனம் எப்படி இருக்கிறது என்பதை அது பச்சையிலும் மஞ்சளிலும் சிவப்பிலும் சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்கேற்ற யோசனைகள் என் திரையில் வரும். கோவை வட்டாரத்தில் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆணை 'சார்' என்றால் கோபம் இரண்டு புள்ளி இறங்கும். 'அப்பா' என்றால் எட்டு. 'அப்பா, சாப்பிட்டீங்களா' என்றால் பதின்மூன்று. லட்சக்கணக்கான உரையாடல்களைத் தின்று செரித்து சுமுகம் கண்டுபிடித்த விவரம் இது. நான் பெரம்பலூர்க்காரி. என் சொந்த அப்பாவிடம் சாப்பிட்டீர்களா என்று வருடத்துக்கு நான்கு முறை கேட்டிருப்பேன். கவுன்டரில் ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்டேன்.

வேலையில் சேர்ந்தபோது ஏலகிரியில் ஆறு வாரம் பயிற்சி. உணர்ச்சி நுண்ணறிவு என்று அதற்குப் பெயர். ஏழு எண்ணி மூச்சை இழு, ஏழு எண்ணி விடு. அவர் சொன்ன கடைசிச் சொற்களைத் திருப்பிச் சொல். முடியாது என்று சொல்லாதே, பார்க்கிறேன் என்று சொல். முதல் ஆண்டு இதெல்லாம் நடிப்பாக இருந்தது. இரண்டாம் ஆண்டு பழக்கமானது. மூன்றாம் ஆண்டு, பேருந்தில் என் காலை மிதித்தவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

நாச்சிமுத்து ஆறாவது முறையாக வந்தது அந்த மாதம் பதினேழாம் தேதி. பைபாஸ் ஓரத்தில், எரிந்துபோன மோட்டார்களுக்குத் தாமிரக் கம்பியால் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். அறுபது வயது இருக்கும். அவர் கிட்டே வந்தாலே வார்னிஷ் வாசம் அடிக்கும். தாமிரக் கம்பியை இழுத்து இழுத்து விரல் நுனிகளில் மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன. அன்று அவர் உள்ளே வரும்போது வளைவு அறுபத்தொன்று காட்டியது.

“வாங்கப்பா. சாப்பிட்டீங்களா?”

“ஆச்சுங் அம்மணி. என்ற பத்திரம் வந்துருச்சுங்களா?”

“பத்திரம் வந்துருச்சான்னு கேக்குறீங்க. உங்க கவலை எனக்குப் புரியுதுப்பா.”

“கவலையெல்லாம் இல்லீங். வந்துருச்சா, வல்லியா? அதத்தான் கேக்கறேன்.”

“இன்னும் வரல. இன்னிக்கே பார்க்கிறேன்.”

“போன தடவையும் இன்னிக்கேன்னுதான் சொன்னீங்க. அந்த இன்னிக்கு எப்பத்தான் முடியுமுங்க?”

விளக்கு மஞ்சளுக்குப் போனது. தண்ணீர் கொடுத்தேன். கோடையில் மோட்டார் நிறைய வருமே, கை வலிக்காதா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் சிரித்தார். பிறகு வேறு மாதிரிக் குரலில் விஷயத்துக்கு வந்தார்.

பட்டறையின் பேரில் வாங்கியிருந்த கடனை அவர் அடைத்துப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அடமானமாகக் கொடுத்த மூலப் பத்திரம் திரும்பி வரவில்லை. இப்போது பைபாஸை அகலப்படுத்துகிறார்கள். இருபத்தெட்டாம் தேதி நில எடுப்பு அதிகாரி முன்னால் பத்திரத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டறையும் அதன் மேலே இருக்கும் வீடும் புறம்போக்கில் கட்டியவை என்று எழுதி, அடுத்த வாரமே இடித்துவிடுவார்கள்.

“நகல் எடுத்துட்டுப் போனனுங்க. மூலப் பத்திரம் பேங்க்லதான் இருக்குதுன்னா பேங்க்கே ஒரு லெட்டர் குடுக்கட்டும்ங்கறாங்க.”

“லெட்டர் குடுக்கட்டும்னு சொல்றாங்களா. பார்க்கிறேன்ப்பா. நீங்க தைரியமா போங்க.”

அவர் தைரியமாகப் போனார். வளைவைத் தாண்டும்போது பன்னிரண்டு. பச்சை. என் கணக்கில் நாற்பத்தொன்பது புள்ளி ஏறியது.

அன்று மதியம் நான் உண்மையிலேயே பார்க்கத்தான் கீழ்த்தளத்துப் பதிவறைக்குப் போனேன். நான் கெட்டவள் இல்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்கு ஆத்திரமூட்டும் பகுதி. கெட்டவர் ஒருவரும் தேவைப்படாமலே இது நடந்தது.

பதிவறையில் ஷாஜகான் அண்ணன் இருந்தார். ஒன்றரை வருடம் முன்புவரை எனக்குப் பக்கத்துக் கவுன்டர். ‘இது நடக்காதுங்க, வீணா அலையாதீங்க’ என்று முதல் நிமிடமே உள்ளதைச் சொல்லிவிடுகிறவர். அவரிடம் வந்தவர்கள் சிவப்பாகவே வெளியேறியதால் அவரைக் கீழே தள்ளிவிட்டார்கள்.

“வாங்க ஏசி மேடம்,” என்றார். “மேல எல்லாரையும் குளுர வெச்சு முடிச்சாச்சா?”

“அண்ணா, நாச்சிமுத்துன்னு ஒருத்தர். பத்திரத்தைத் தேடச் சொல்லி ஆறு தடவை கோரிக்கை போட்டிருக்கேன். எந்த நிலையில இருக்குன்னு பாருங்களேன்.”

அவர் தட்டிப் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பினார். ஆறு வரிகள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் என் பெயரோடு ‘வாடிக்கையாளர் திருப்தி. கோரிக்கை நிறைவு. தேஜஸ்வினி.’

“இது என்னண்ணா?”

“முடிஞ்சுபோன கோரிக்கை.”

“முடியலியே. பத்திரம் இன்னும் கிடைக்கலியே.”

“பத்திரத்த யாரு கேட்டா? ஆளு சாந்தமாப் போனாரா இல்லியா? போயிட்டாரு. அப்ப வேல முடிஞ்சது. ரெண்டு பேங்க்கை ஒண்ணாக்கும்போது பத்திரமெல்லாம் சென்னைக்கு வெளிய ஒரு குடோனுக்குப் போயிருச்சு. இங்க வெறும் லிஸ்ட்டுதான். பச்சையா வாசலத் தாண்டினா கோரிக்கை தானா மூடிக்கும். செவப்பாப் போயி, மூணு நாளும் செவப்பாவே இருந்தாத்தான் அது புகாராகும். புகாரானாத்தான் அந்தக் குடோன்ல ஒருத்தன் எந்திரிச்சுத் தேடுவான்.”

“எழுதிக் குடுத்தா?”

“எழுதறத எடுத்து ரெண்டு வருஷமாச்சு. வாய் பொய் சொல்லும், ஒடம்பு பொய் சொல்லாதுன்னு சர்க்குலர் வந்துச்சே. நீ அன்னிக்கு விருது வாங்கறதுக்குக் கோயமுத்தூர் போயிருந்த.”

நான் அந்த ஆறு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதரிடம் வங்கியை அசைக்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கோபம். அதை ஒவ்வொரு முறையும் அவர் கையோடு எடுத்து வந்தார். தண்ணீர் கொடுத்து, சாப்பாடு விசாரித்து, ஆறு முறையும் அதைப் பிடுங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறேன். வழிப்பறி செய்கிறவனாவது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வான்.

மேலாளர் வித்யாசாகரின் அறைக்குள் நான் வேகமாகத்தான் நுழைந்தேன்.

“சார், நாச்சிமுத்துக்கு ஒரு லெட்டர் வேணும். பத்திரம் நம்மகிட்ட இருக்குன்னு.”

“உட்காருங்க தேஜு. முதல்ல தண்ணி குடிங்க.”

“இருபத்தெட்டாம் தேதிக்குள்ள வேணும் சார். இல்லேன்னா வீடு போயிடும்.”

“வீடு போயிடும்னு பயப்படறீங்க. உங்க ஆதங்கம் எனக்குப் புரியுது.”

“சார், இது பயிற்சியில ரெண்டாவது பாடம்.”

“எது?”

“கடைசிச் சொற்களைத் திருப்பிச் சொல்றது.”

அவர் மனம் விட்டுச் சிரித்தார். “பாடம்னா எல்லாருக்கும்தானே. பாருங்க, புகாரே இல்லாத இடத்துல லெட்டர் குடுத்தா, நாமே ஒரு தப்பை உண்டாக்கின மாதிரி ஆகும். சிஸ்டத்துல அவர் சந்தோஷமா இருக்கார். முப்பதாம் தேதி உங்க மூணு வருஷ ஒப்பந்தம் முடியுது. நிரந்தரப் பட்டியல்ல முதல் பேரு உங்களோடது. ஒரே ஒரு சிவப்பு போதும், அந்தப் பேரு காணாம போக. மிரட்டறேன்னு நினைக்காதீங்க. அக்கறையில சொல்றேன்.”

அறையை விட்டு வெளியே வந்தபோது என் மனம் லேசாக இருந்தது. அதைக் கவனித்த நொடியில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் அவரை வரச் சொன்னேன். திட்டம் எளிமையானது. அவர் சிவப்பாக வெளியேற வேண்டும், அவ்வளவுதான். என் பெயர் போனால் போகட்டும்.

முதலில் ஒரு மணி நேரம் காக்க வைத்தேன். அவருக்குப் பின்னால் வந்தவர்களை முன்னால் கூப்பிட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு கம்பித் துண்டை எடுத்து விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டபோது எழுந்து வந்தார்.

“என்ன, நேத்துதானே வந்தீங்க? வேற வேலை இல்லியா உங்களுக்கு?”

“நீங்கதானுங்க வரச் சொன்னீங்க.”

“நான் சொன்னா ஓடி வந்துடுவீங்களா?”

“பேங்க்ல கூப்புட்டா வராம இருக்க முடியுமுங்களா?”

விளக்கு பச்சை. பக்கத்துக் கவுன்டர் பையன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

“உங்க பத்திரம் தொலைஞ்சு போச்சு,” என்றேன். “நாங்கதான் தொலைச்சோம். இனிமே கிடைக்காது. என்ன பண்ணுவீங்க?”

விளக்கு மஞ்சளாகி, அதன் விளிம்பு சிவக்கத் தொடங்கியது. நாச்சிமுத்து அண்ணாந்து அதைப் பார்த்தார். கண்களை மூடினார். அவர் மார்பு மெதுவாக ஏறியது, நின்றது, மெதுவாக இறங்கியது. மறுபடி. விளக்கு பச்சைக்கு வந்துவிட்டது. அந்த மூச்சு எனக்குத் தெரியும். எங்கே பார்த்தாலும் தெரியும்.

“ஏழு எண்ணுறீங்களா?”

பிடிபட்ட மாதிரிச் சிரித்தார். “என்ற மக சொல்லிக் குடுத்ததுங்க. கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரில பில்லு போடற எடத்துல நிக்கறா. அவ தலைக்கு மேலயும் இதே வெளக்குத்தான். ஒரு நா நாலு பேரு செவப்பாப் போயிட்டாங்கன்னு ஊட்டுக்கு வந்து சோறு திங்காம அழுதா. அதுலருந்து நான் எந்த வெளக்குக்குக் கீழ நின்னாலும் எண்ணிக்கறதுங்க. உங்க பொழப்பக் கெடுக்கறதுக்கா நான் வாரேன்?”

இருநூற்றுப் பதினோரு நாட்கள். எத்தனை பேர் இப்படி அண்ணாந்து பார்த்துவிட்டு எண்ணியிருப்பார்கள்? என் திறமை என்று நான் நினைத்திருந்தது இவர்களுடைய இரக்கம். வங்கி அதை என் பெயரில் எழுதிக்கொண்டு, அதைக் காட்டியே இவர்களுடைய கோரிக்கைகளை மூடியது.

அவர் கையிலிருந்த டோக்கனைப் பிடுங்கினேன். “இங்கேயே இருங்க.”

என் அடையாள அட்டையைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டேன். வளைவுக்குத் தெரிந்தது டோக்கன் மட்டும்தான். அதைப் பிடித்திருக்கும் உடம்பு யாருடையதாக இருந்தால் என்ன? அவர் கோபப்பட மாட்டார் என்றால் அவருக்காக நான் பட்டுவிட்டுப் போகிறேன்.

கவுன்டரிலிருந்து வெளியேறும் வளைவு முப்பது அடி தூரம் இருக்கும். நடந்துகொண்டே கோபத்தைத் தேடினேன். ஆறு வரிகளை நினைத்தேன். வித்யாசாகரின் சிரிப்பை நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் என் பையைக் கிணற்றில் போட்டவளை நினைத்தேன். எல்லாம் கண்ணாடிக்கு அப்பால் நடப்பது போல, ஒலியில்லாமல், தெளிவாகத் தெரிந்தன. வளைவுக்கு இரண்டடி இருக்கும்போது கவனித்தேன். என் மூச்சு என்னைக் கேட்காமலே எண்ணிக்கொண்டிருந்தது. ஐந்து, ஆறு, ஏழு.

வளைவு ஒன்பது காட்டியது. பச்சை. ‘நன்றி, மீண்டும் வருக’ என்று அது இனிமையாகச் சொன்னது.

நாச்சிமுத்துவின் கோரிக்கையை ஏழாவது முறையாக மூடியது நான்தான். இந்த முறை என் சொந்த உடம்பால்.

உள்ளே திரும்பி வந்தபோது என் கவுன்டர் முன்னால் ஷாஜகான் அண்ணனும் நின்றுகொண்டிருந்தார். ஏதோ கோப்பு கொடுக்க மேலே வந்தவர், நான் நடந்து போனதைப் பார்த்திருக்கிறார்.

“ஏம்மா, உனக்கு ரத்தம் ஓடுதா, இல்ல இளநீரா?” என்றார்.

நாச்சிமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை என்றால் என்ன, சிவப்பு என்றால் என்ன, குடோன், மூன்று நாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

“ஆறு தடவையா?” என்றார்.

“ஏழு. ஏழாவது இப்பத்தான்.”

“அப்ப நான் பல்லக் கடிச்சுட்டு நின்னதெல்லாம்?”

“நீங்க பொறுத்துக்கிட்டதாலதான் மூடிச்சு. அப்பா, நான்…”

“அப்பான்னு கூப்புடாத.”

குரல் உயரவில்லை. விளக்குதான் ஒரே தாவலில் சிவந்தது. அந்த நிறத்தில் என் மேஜை, விசைப்பலகை, என் கைகள் எல்லாம் மூழ்கின. அவர் அண்ணாந்து பார்த்தார். இந்த முறை கண்களை மூடவில்லை. ஆனால் இரண்டடி பின்னால் நகர்ந்தார். விளக்கின் எல்லைக்கு வெளியே. அவ்வளவு கோபத்திலும்.

“இந்தச் செவப்பு யாரு பேருல ஏறோணும்?” என்று ஷாஜகான் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

“மேனேஜர் ரூமுக்குத் தனி டோக்கன் இருக்குதுங்க. வாசல் ஒண்ணுதான்.”

நாச்சிமுத்து போய் டோக்கன் எடுத்தார். கண்ணாடி அறைக்குள் வித்யாசாகர் எழுந்து கைகூப்புவதும், நாற்காலியை இழுத்துப் போடுவதும், தண்ணீர் ஊற்றுவதும் தெரிந்தன. நாச்சிமுத்து உட்காரவில்லை. ஐந்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தபோது ஒரே ஒரு வாக்கியம் வெளியே வந்தது.

“உன்ற தண்ணிய நீ குடி. என்ற பத்திரத்தக் குடு.”

வளைவைத் தாண்டும்போது தொண்ணூற்று நான்கு. வளைவு ஓர் ஒலி எழுப்பியது. தொண்ணூறைத் தாண்டினால் மட்டும் வரும் அந்த ஒலியை மூன்று வருடத்தில் நான் கேட்டதே இல்லை. பிரஷர் குக்கர் விசில் போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். குழந்தைக்கு வாங்கும் பொம்மையின் சத்தம் போல இருந்தது.

பத்து நிமிடத்தில் என் திரை மினுங்கியது. ‘உயர் கோப வாடிக்கையாளர். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் சாந்தப்படுத்தவும். தினம் ஒரு தொலைபேசி அழைப்பு. குரல் அளக்கப்படும். ஒதுக்கப்பட்டவர்: தேஜஸ்வினி, மண்டல முதலிடம்.’

வித்யாசாகர் என் தோளருகே வந்து நின்றார். காதுமடல்கள் சிவந்திருந்தன. பேச்சு மட்டும் மாறவில்லை. “நீங்க ஒரு போன் போட்டா போதும் தேஜு. உங்க குரலுக்கு அவர் கட்டுப்படுவார். என்னையும் காப்பாத்தின மாதிரி ஆகும்.”

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அழைத்தேன்.

“யாருங்க?”

“தேஜஸ்வினி. நீங்க முதல் தடவை வந்து போனதும் நான் என்ன எழுதினேன்னு படிக்கட்டுமா?”

பின்னால் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. “படி,” என்றார்.

படித்தேன். ‘வாடிக்கையாளர் திருப்தி. கோரிக்கை நிறைவு.’ இரண்டாவதைப் படித்தேன், மூன்றாவதை. தேதியோடு. ஆறும் ஒரே வாக்கியம்தான். ஆறு முறையும் முழுதாகப் படித்தேன். திரையில் எண் எண்பத்தாறிலேயே நின்றது. “வெக்கறேன்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டாம் நாள் எண் நாற்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. அழைப்பு முடியும்போது நிற்கும் எண்தான் கணக்கில் ஏறும்.

“சொல்லு அம்மணி.” குரலில் சோர்வு. “உன்னையச் சொல்லி என்ன ஆவப்போவுது? நீயும் சம்பளத்துக்கு நிக்கற புள்ள.”

“கோபத்தைக் குறைக்காதீங்க. இன்னும் ஒரே ஒரு நாள்.”

“கோவத்தக் கெடாம வெச்சுக்கறது காயில் கட்டறத விடச் செரமமா இருக்குது. நேத்து தூக்கம் வல்ல. சோறும் எறங்கல. எனக்குப் பழக்கமில்லாத வேல இது.”

திரை தன் வழக்கப்படி யோசனைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவரது உடல்நிலையை விசாரிக்கவும். மகளைப் பற்றிக் கேட்கவும்.

மகளைப் பற்றிக் கேட்டேன்.

“உங்க மக அழுத அன்னிக்கு நாலு பேர் சிவப்பா போனாங்கன்னு சொன்னீங்களே. அன்னிக்கு அந்த ஆஸ்பத்திரியில அந்த நாலு பேரோட குறையைத்தான் யாராவது திரும்பிப் பார்த்திருப்பாங்க. பச்சையா போனவங்களோடதெல்லாம் மூடியிருக்கும். சாந்தமா போனவங்கள்ல எத்தனை நோயாளிங்க குறை தீராமலே திரும்பிப் போனாங்கன்னு தெரியாது. உங்க மகளுக்கும் அது தெரியாது. அவ நல்லா சிரிச்சுப் பேசறதாலதான் அவளை அங்க நிக்க வெச்சிருக்காங்க.”

மறுமுனையில் மோட்டார் சத்தம் நின்றுவிட்டது. யாரோ அதை அணைத்திருக்க வேண்டும்.

“என்ற புள்ளையவா?” என்றார்.

எண் ஐம்பது, அறுபத்திரண்டு, எழுபத்தைந்து என்று ஏறி எண்பத்தெட்டில் நின்றது. போனை வைத்த பிறகுதான் உணர்ந்தேன், என் மூச்சு முன்னும் பின்னுமாகத் தடுமாறிக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன். எந்த எண்ணிலும் அது நிற்கவில்லை.

மூன்றாம் நாள் நான் அழைப்பதற்கு முன்னாலேயே அவர் அழைத்தார். “இருக்குது,” என்றார். “கொறையல.” அவ்வளவுதான் பேசினோம். மதியத்துக்குள் எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்தது. தேடல் உத்தரவு போனது.

இருபத்தாறாம் தேதி கூரியரில் பழுப்பு உறை வந்தது. ஷாஜகான் அண்ணன் என்னைக் கீழே கூப்பிட்டுக் காட்டினார். நானூற்றுப் பதினேழாம் எண் உறை. இணைந்த இரண்டு கிளைகளிலும் அந்த எண்ணில் ஓர் உறை இருந்திருக்கிறது. மூட்டை கட்டியவர்கள் எண்ணைப் பார்த்து இரண்டையும் ஒரே நாடாவில் கட்டிவிட்டார்கள். கணினி இரண்டில் ஒன்றைத்தான் ஏற்றுக்கொண்டது.

நாச்சிமுத்து வந்தார். விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தன் அப்பாவின் கைநாட்டு இருந்த பக்கத்தில் மட்டும் கொஞ்சம் நின்றார். “இருக்குது,” என்றார். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. “வாரனுங்,” என்று ஷாஜகான் அண்ணனிடம் தலையசைத்தார். என்னைப் பார்த்து ஒரு நொடி தயங்கி, எனக்கும் அசைத்தார். பத்திரம் கையில் இருந்தும் வெளியே போகும்போது வளைவு ஐம்பத்தேழு காட்டியது. நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

வித்யாசாகர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மூன்று அழைப்புகளின் பதிவையும் மண்டலம் கேட்டிருக்கிறது. நிரந்தரப் பட்டியலில் என் பெயர் இல்லை. முப்பதாம் தேதி கடைசி நாள். “ரொம்ப வருத்தமா இருக்கு தேஜு,” என்றார். உண்மையாகவே வருந்தினார் என்றுதான் நினைக்கிறேன். அவருக்கும் அது இப்போது தானாக வரும்.

திரும்பிப் போனபோது ஷாஜகான் அண்ணன் உறைக்குள் வந்திருந்த சீட்டை நீட்டினார். “இதப் படிச்சியா?”

குடோனிலிருந்து வந்த குறிப்பு. ‘எண் 417இல் இரண்டு உறைகள். புகார் உள்ளது அனுப்பப்பட்டது. மற்றதற்குப் புகார் இல்லை. மீண்டும் அடுக்கில் வைக்கப்பட்டது.’

“இன்னொண்ணு யாரோடது?”

அவர் ஏற்கெனவே தேடி வைத்திருந்தார். தெய்வானை, மடத்துக்குளம். அறுபத்தாறு வயது. பத்திரம் கேட்டுப் பதினோரு முறை வந்திருக்கிறார். பதினோரு முறையும் கோரிக்கை நிறைவு. மூன்று நாலு பேர் பெயர்கள் இருந்தன, என்னுடையது இல்லை. கடைசிக் குறிப்பில் ‘மிகச் சிறந்த வாடிக்கையாளர்’ என்று எழுதியிருந்தது.

இருபத்தாறு. நாளைக்கு அவர் வந்தால் இருபத்தேழு. அங்கிருந்து மூன்று நாள். விரல் விட்டு எண்ணினேன். முப்பது. அங்கேயே, ஷாஜகான் அண்ணனின் மேஜையிலிருந்து, எண்ணை அழுத்தினேன்.

“பேங்க்குங்களா?” என்றது மறுமுனை. வெல்லப் பாகு மாதிரிக் குரல். “நல்லா இருக்கீங்களா கண்ணு? எல்லாரும் எத்தன தன்மையாப் பேசறீங்க. பத்திரத்துக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. வாரப்ப வரட்டும்.”

“உங்க பத்திரம் கிடைச்சிருச்சு,” என்றேன். “கையில எடுத்துப் பார்த்துட்டு, திருப்பி வெச்சுட்டாங்க.”

“ஏனுங்?”

“நீங்க கோபப்படலன்னு.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம். பிறகு வந்த குரலில் பாகு இல்லை.

“என்ன சொன்ன? இன்னொருக்காச் சொல்லு.”

முதலிலிருந்து சொன்னேன். பதினோரு தேதிகளையும் சொன்னேன். முடித்ததும் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. எண்ணாத மூச்சு.

“நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வாரேன். யாருகிட்ட வரோணும்?”

“மூணாம் நம்பர் கவுன்டர். என்கிட்டயே வாங்க, என் பேர்லயே ஏறட்டும். ஆனா ஒண்ணு. அதுக்கப்புறம் மூணு நாளைக்கு பேங்க்லருந்து யார் போன் பண்ணி அன்பாப் பேசினாலும் வெச்சுடுங்க.”

“நீ பண்ணினா?”

“நான் அன்பாப் பேச மாட்டேன்.”